காப்புக் கட்டாத நாடகம்

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் விஜயலெட்சுமியைத் தோட்டமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. புதன்கிழமை காலையில் அவளிடம் பிள்ளையைக் கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. இடையில் நடந்ததைச் சொல்லப் போனால் சில பேர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் விஜயலெட்சுமிதான் பிள்ளை மடுவத்து ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். நடுவில் ஒருமுறை ஓடிவந்து பால் கொடுப்பார்கள். சாயந்தரம் கொழுந்தை எடை போட்ட பிறகு தூக்கிக்கொண்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் போவார்கள். அவளும் ஒரு காலத்தில் கொழுந்தெடுத்தவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில் வடிகான் ஓரம் வழுக்கி விழுந்து முதுகு போனது. அதன்பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலையில் பத்து எட்டு வைத்தால் பதினோராவது எட்டுக்கு அங்கேயே உட்கார வேண்டியதுதான். பாவம் பார்த்து மடுவத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பாவம் பார்த்தார்களே தவிர, வாங்கியவள் அதை ராச்சியம் மாதிரி ஆண்டாள். பதினாலு பிள்ளைகளுக்கும் எது எப்போது அழும், எதற்கு எந்தப் பக்கம் சாய்த்தால் ஏப்பம் வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

நடிப்பு? அதுவும் மடுவத்தில் வந்ததுதான். சோறு தின்னாத பிள்ளைக்கு முன்னால் துரை மாதிரி நடந்து காட்டுவாள். கங்காணி மூக்கு உறிஞ்சுவதை உறிஞ்சுவாள். அடுத்த வீட்டுக் கருப்பம்மா இருமிக்கொண்டே வம்பு பேசுவதைப் பேசிக் காட்டுவாள். கருப்பம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்திருக்கிறாள். சிரிக்கவில்லை. மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் பதுளை டவுனிலிருந்து ரமேஸ் வந்து சேர்ந்தான். முப்பது வயது, தாடி, தோளில் ஒரு துணிப்பை. நாடகத்தில் டிப்ளோமா முடித்தவன் என்று அவனே சொன்னான். ஒரு முறைக்கு மேல் சொன்னான். மூடநம்பிக்கைக்கு எதிராகத் தோட்டங்களில் நாடகம் போட யாரோ அவனுக்கு உதவி செய்கிறார்களாம். வாசிகசாலையில் எல்லோரையும் உட்கார வைத்து, முன்னூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் ஊர்களில் பெண்களைச் சூனியக்காரி என்று வழக்குப் போட்டுத் தூக்கில் ஏற்றிய கதையைச் சொன்னான். சின்னப் பெண்கள் சிலர் கத்திக்கொண்டு விழுந்து புரண்டதுதான் சாட்சி. வேறு சாட்சி கிடையாது.

"வெள்ளக்காரனுக்குமா சூனியம் வச்சாங்க?" என்று கருப்பம்மா வாயைப் பிளந்தாள்.

"வைக்கலங்க. வச்சதா நம்புனாங்க. அதான் விசயம்."

"அட, வைக்காமயா விழுந்து பெரண்டுச்சுங்க?"

ரமேஸ் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டான்.

நாடகம் அந்தக் கதையை நம் பக்கத்து ஊருக்கு இறக்கிய மாதிரி இருந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெண் மயங்கி விழுகிறாள், அடுத்து இன்னொருத்தி. தனியாக இருக்கிற ஒருத்தியைப் பிடித்துப் பஞ்சாயத்தில் நிறுத்துகிறார்கள். 'நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்க, விட்டுர்றோம்' என்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவள் தலையை விரித்துப் போட்டு உடம்பு உதற, 'நான்தான்! எந்த வீட்டுப் புள்ள வேணும், சொல்லு!' என்று சிரிக்கிறாள். ஊரே நடுங்குகிறது. உடனே அவள் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து, தலையை முடிந்துகொண்டு, சாதாரணக் குரலில் கேட்கிறாள்: 'இதத்தான கேட்டீங்க?' அதோடு நாடகம் முடிகிறது.

அந்த வேஷத்தைக் கட்டியவள் விஜயலெட்சுமி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவள் அந்த உதறலை உதறியபோது முன்வரிசையில் இரண்டு பெண்கள் அலறினார்கள். ஒரு பொடியன் காற்சட்டையை நனைத்தான். கடைசி வரி வந்ததும் மைதானம் அதிரக் கைதட்டினார்கள். அவள் வீட்டுக்குப் போய் வேஷத்தைக் கலைக்காமல் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள் என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். லயத்துச் சுவருக்குக் காது மட்டுமா இருக்கிறது?

திங்கட்கிழமை முஸ்தாக்கின் வேலை வெளியே வந்தது. முஸ்தாக் பதுளை பசாரில் போன் கடை வைத்திருப்பவன். ரமேஸின் கூட்டாளி. நாடகத்துக்கு மைக் செட் பார்த்தவனும் அவன்தான், படம் பிடித்தவனும் அவன்தான். நல்ல பையன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. முக்கால் மணி நேர நாடகத்தை யார் போனில் பார்ப்பார்கள் என்று நினைத்து, ஒரு நிமிஷத்துக்கு வெட்டினான். உதறல், சிரிப்பு, 'எந்த வீட்டுப் புள்ள வேணும்' - அவ்வளவுதான். 'இதத்தான கேட்டீங்க' வரைக்கும் போகவில்லை. அடியில் ஒரு திகில் இசையையும் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான்.

அன்றைக்கு முழுக்க விஜயலெட்சுமிக்கு ராஜமரியாதை. பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் வரிசை தானாக விலகியது. நாடகக்காரிக்கு இவ்வளவு மதிப்பா என்று அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். கொஞ்சம் கண்ணை உருட்டியும் பார்த்தாளாம். பார்த்தவர்கள் சொன்னது. அவள் இன்றுவரை மறுக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் யாரோ பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த போனைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் கூடினார்கள். கருப்பம்மாவின் கடைசி மகள் நிரஞ்சலா, பதினைந்து வயது, 'மூச்சு அடைக்குது' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அதைப் பார்த்து அடுத்தவள். அதைப் பார்த்து அதற்கடுத்த வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள். மணி அடிக்கிறதற்குள் பதிமூன்று பேர் கீழே கிடந்தார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா எல்லோரையும் பார்த்தார். ஒன்றுமில்லை, முதல் பிள்ளை காலையில் சாப்பிடவில்லை, மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள், ஒன்றாக இருக்கிற இடத்தில் இப்படி வருவதுண்டு என்று சொல்லி, குடிக்கக் கொடுத்து, சாயந்தரமே அனுப்பிவிட்டார்.

கருப்பம்மா இதை லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது அது இப்படி ஆகியிருந்தது: "டாக்டரம்மாவே பாத்துட்டு ஒண்ணும் புடிபடலன்னுட்டாங்க."

புதன்கிழமை மடுவம் காலியாகக் கிடந்தது. விஜயலெட்சுமி பால்மாவைக் கரைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். தாய்மார் மேல் பாதையை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு கீழ்ப் பாதையால் பெரட்டுக்குப் போனார்கள். சிலர் பிள்ளையை அண்டை அயலில் விட்டார்கள். சிலர் வேலைக்கே போகவில்லை. தயானி மட்டும் மேல் பாதையால் வந்தாள். ஏழுமாதப் பையனை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, மடுவத்தைத் தாண்டும்போது ஓடினாள். தயானி அவள் வளர்த்துவிட்ட பெண் மாதிரி. கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்டதே விஜயலெட்சுமிதான்.

விஜயலெட்சுமி நேரே கருப்பம்மா வீட்டு வாசலுக்குப் போனாள்.

"என்னாக்கா இது? எம் மடுவத்துல என்னா பேயா இருக்கு?"

"மடுவத்துல இல்லடி விஜயா." கருப்பம்மா கதவை அரைவாசிதான் திறந்தாள். "உனக்குத் தெரியாததா? கூத்து ஆடுறவனுக்குக் காப்புக் கட்டுவாங்கல்ல? ஆட்டம் முடிஞ்சா அவுப்பாங்கல்ல? ஒனக்குக் கட்டவே இல்லியே."

"அது கூத்து. இது நாடகம்!"

"வேஷம் வேஷம்தான. கட்டாத காப்ப எப்புடி அவுக்கிறது? அவுக்காத வேஷம் எங்க போவும்?"

மாசி மாதம் காமன் கூத்து நடக்கிற தோட்டம் அது. வேஷம் கட்டுகிறவனுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். கட்டின நாளிலிருந்து அவன் அவனல்ல. வேஷம்தான். கறி மீன் கிடையாது, மனைவி பக்கத்தில் போகக் கூடாது. கடைசி நாள் காப்பை அவிழ்த்தால்தான் பழையபடி மனுஷன். பிறந்ததிலிருந்து இப்படியே பார்த்த கண்களுக்கு, காப்பே இல்லாமல் ஒருத்தி மேடையில் சூனியக்காரியாக ஏறி, அப்படியே இறங்கி வந்து பால்மா கரைக்கிறாள் என்றால் எப்படி இருக்கும்? ரமேஸின் டிப்ளோமாவில் இந்தப் பாடம் இல்லை.

வியாழக்கிழமை பிள்ளை மடுவங்களுக்குப் பொறுப்பான நலன்புரி ஐயா வந்து வெறும் தொட்டில்களைப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. "விஜயலெட்சுமி, வர்ற திங்கக்கிழமையும் இப்பிடியே இருந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. கீழ்ப்பிரிவு மடுவத்தோட சேர்த்துருவாங்க. அங்க ஆயா இருக்கு. உங்களுக்கு மலையில வேல போடுவாங்க."

"மலையில எனக்கு ஏலாதுன்னு தெரியும்ல ஐயா."

"எனக்குத் தெரியும். பேப்பர்ல அது எழுத எடமில்ல."

வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். பக்கத்து சீட் காலியாகவே வந்தது. முஸ்தாக் அவளைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். விஷயத்தைக் கேட்டு முகம் வாடிப்போனான்.

"அல்லாவே, நான் இப்பிடி ஆகும்னு நெனக்கல்லக்கா. இந்தா, இப்பவே எடுத்துர்றேன்." எடுத்தான். "ஆனா நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க. மத்தவங்க எறக்கி வச்சிருப்பாங்க, அத என்னால எடுக்க ஏலா. முழு நாடகத்தையும் போட்டும் இருக்கேன்க்கா, பாருங்க."

"அத எத்தன பேரு பாத்தாங்க?"

"பதினேழு." முஸ்தாக் தலையைச் சொறிந்தான். "அதுல ரெண்டு நான்."

ரமேஸும் அங்கேதான் இருந்தான். அவன் முகத்தில் கவலையை மீறி ஒரு வெளிச்சம் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

"அக்கா, யோசிச்சுப் பாருங்க. நம்ம நாடகம் மேடைய விட்டு எறங்கி ஊருக்குள்ளயே நடக்குது! இதத்தான் கலையோட வெற்றின்னு சொல்றது. அடுத்த மாசம் பதுளையில பெரிய மண்டபத்துல போடுறோம். நீங்கதான்..."

"தம்பி," என்றாள் விஜயலெட்சுமி, "உங்க நாடகத்துல அந்தப் பொம்பளைக்கு வேல போச்சா?"

அவன் யோசித்தான். "அத நான் எழுதல."

"எழுதியிருக்கலாம்." எழுந்துவிட்டாள்.

அந்த வெற்றியையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தால், கோயில் பூசாரி இராசையா வழியில் காத்திருந்தார். பூசாரி என்பதோடு கூத்து வாத்தியாரும் அவர்தான். போன மாசியில் அவருடைய கூத்துக்கு வந்த கூட்டத்தைவிட ரமேஸின் நாடகத்துக்கு வந்த கூட்டம் அதிகம். அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனாலும் நல்ல மனுஷன். அவளுக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வா, புள்ள. எல்லாரும் இருப்பாங்க. அம்மன் முன்னாடி ஒரு காப்பு கட்டுறேன். 'அன்னைக்கி எம் மேல வந்துச்சு'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. ஒடனே அவுத்துர்றேன். திங்கக்கெழம புள்ளைங்க வந்துரும். செலவு ஒரு தேங்கா."

"வரவே இல்லியே மாமா. நான் நடிச்சேன்."

"சரி, நடிச்ச. அத யாரு கேக்கப் போறா? வந்துச்சுன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை முழுக்க அவள் காலித் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தாள். ஒரு வார்த்தைதானே. முதுகு தப்பும், பிள்ளைகள் திரும்பும். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று மேடையில் கேட்டபோது அவள் சிரித்துக் காட்டினாள். அங்கே சம்பளமும் இல்லை, முதுகுவலியும் இல்லை. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வந்துச்சு என்று ஊரறியச் சொன்ன ஒருத்தி கையில், காப்பை அவிழ்த்தே ஆனாலும், தாய்மார் எத்தனை நாளைக்குப் பிள்ளையைக் கொடுப்பார்கள்? ஒரு பிள்ளைக்குச் சளி பிடிக்கட்டும், அன்றைக்குத் தெரியும். அது ஒன்று. இன்னொன்றை அவள் வெளியே சொல்லமாட்டாள். மடுவத்துக் கண்ணாடி முன்னால் ஒன்றரை மாசம் பிள்ளைகள் தூங்குகிற நேரமெல்லாம் பழகிப் பழகிக் கொண்டுவந்த உதறல் அது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைதட்டு வாங்கித் தந்தது. அதைப் போய் வேறு யாரோ வந்து செய்தது என்று சொல்வதா?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தோட்டமே வந்திருந்தது. சாதாரணமாகக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் குளித்து வந்திருந்தார்கள். இராசையா மஞ்சள் கயிற்றோடு நின்றார். விஜயலெட்சுமி கையை நீட்டவில்லை.

"மாமா, ஒரு நிமிசம்." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் எங் கால மட்டும் பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"வலது குதிகால தரையில இருந்து ஒரு வெரக்கட ஒசத்தணும். வெரல் நுனிய நல்லா ஊன்றணும். அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா நில்லுங்க. நெறஞ்ச கூடையோட செங்குத்து மலையில நிக்கிறப்ப கால் தானா ஆடும்ல? அதேதான்."

கால் ஆடத் தொடங்கியது. முழங்கால், தொடை, இடுப்பு என்று மேலே ஏறியது.

"இனி தோளு. மூச்ச பாதியில புடிச்சா அதுவும் ஆடும். கொண்டையில ஒரே ஒரு ஊசிதான், முன்னாடியே தளத்தி வச்சிருக்கணும். தலைய ஒரு வெட்டு." முடி சரிந்து முகத்தை மூடியது. "கண்ண பாக்கக் கூடாது, நெத்திய பாக்கணும். கொரலு, மேல் மலையில நின்னு கீழ இருக்கிற நாய வெரட்டுவோமே, அந்தக் கொரலு. எந்த வீட்டுப் புள்ள..."

கூட்டம் பின்வாங்கியது. விளக்கமாகச் சொல்லிச் சொல்லிச் செய்தும் முதுகுத்தண்டு சில்லென்றது என்று பின்னாளில் பலரும் ஒத்துக்கொண்டார்கள். நிரஞ்சலா நெஞ்சில் கை வைத்தாள். கண் செருகியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையும் நெஞ்சைத் தொட்டது.

விஜயலெட்சுமி வார்த்தையைப் பாதியிலேயே நிறுத்தினாள். குதிகால் தரையில் பட்டது. ஆட்டம் குழாயைத் திருகி மூடின மாதிரி நின்றது.

"நிரஞ்சலா, உக்காரு. காலையில என்னாடி சாப்புட்ட?" மடுவத்துக் குரல்.

நிரஞ்சலா உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"அம்மா கோயிலுக்கு நேரமாச்சுன்னாங்க."

"கருப்பம்மாக்கா, இந்தக் கூத்தப் பாக்க ஓடி வர்ற அவசரத்துல புள்ளைக்கி ஒரு ரொட்டித் துண்டு குடுக்கலியா?"

யாரோ சிரித்தார்கள். கருப்பம்மா இருமினாள். பழக்கதோஷத்தில் விஜயலெட்சுமியும் அதே மாதிரி இருமிவிட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து தயானியின் குரல் வந்தது. "அய்யோ, ஆடுதுடி! எனக்கும் ஆடுது!" பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே குதிகாலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அம்மன் சந்நிதியில் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "எனக்கு வரலியே." "வெரல ஊன்றுடி." "இந்தா, இந்தா, ஏறுது!" பள்ளிக்கூடத்துப் பதிமூன்று பேரும் வரிசையாக நின்று உதறிப் பார்த்தார்கள். ஒருத்தியும் விழவில்லை. இராசையா மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே தூணைப் பிடித்தபடி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தன் குதிகாலையும் ஒரு விரற்கடை உயர்த்தினார்.

கலைந்து போகும்போது அவர் அவள் பக்கத்தில் வந்தார். "முப்பது வருசமா கூத்து ஆட்டுறேன். இந்தச் சூட்சுமத்தயெல்லாம் வெளிய சொன்னதே இல்ல. எல்லாத்தயும் அவுத்துக் கொட்டிட்டியே புள்ள. இனி ஒன்ன பாத்து யாரு பயப்புடுவா?"

"பயப்புடக் கூடாதுன்னுதான மாமா."

"அதுஞ் சரி," என்றார். ஆனால் அவர் வருத்தப்பட்டது உண்மை. அவள் பயமில்லாமல் தூங்கிய அந்த ராத்திரி முழுதும் லயத்தில் பேச்சு என்னவென்றால்: இவ்வளவுதானா? காலாட்டுறதுக்கா அன்னைக்கு அப்படிக் கத்தினோம்? அடுத்த மாதம் பதுளை மண்டபத்துக்குப் பஸ் பிடித்துப் போவோமா என்று யாரோ கேட்டதற்கு, கோயிலில் ஓசியிலேயே பார்த்தாயிற்றே என்றார்களாம். சுவர் வழியாக எல்லாமே கேட்டது. விஜயலெட்சுமி விழித்துத்தான் இருந்தாள் என்று கருப்பம்மா சொல்கிறாள். அப்படியானால் மேலே தூங்கினாள் என்று சொன்னது தப்பு.

திங்கட்கிழமை பனி மூட்டமாக இருந்தது. மேல் பாதையில் முதலில் வந்தது தயானி. பையன் கம்பளித் தொப்பிக்குள் மூக்கு மட்டும் தெரிய வந்தான்.

"பால் குடிச்சிட்டான்க்கா. ராத்திரி கொஞ்சம் இருமல்." அவள் பிள்ளையை நீட்டவில்லை. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க பெரிய நடிப்பு நடிச்சதா நெனச்சேன்க்கா. கடைசியில வெறும் காலுதானா!"

விஜயலெட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது. வெறும் காலா? ஒன்றரை மாசம்டி. அந்தக் கடைசி வரியைச் சொல்ல எந்த மூச்சில் நிறுத்த வேண்டும் என்று தெரியுமா உனக்கு? நீ குதிகாலைத் தூக்கினால் உனக்கு ஊர் கைதட்டுமா? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"காலுதான். புள்ளையக் குடு, பெரட்டுக்கு நேரமாச்சு."

தயானி பிள்ளையைத் தூக்கினாள். கொடுப்பதற்கு முன்னால் அவள் பார்வை ஒரு நொடி கீழே போனது. விஜயலெட்சுமியின் குதிகால்களைத்தான் பார்த்தாள். பின்னால் பனிக்குள்ளிருந்து இன்னும் மூன்று பேர் பிள்ளைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் வந்து நின்று, முதலில் கீழேதான் பார்த்தார்கள்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட நின்றாள்.